கவிழ்த்து வைத்த டம்ளர்

ஹலோ… ஆமா, நான்தான். யாரும்மா?… எந்த கேஷியர் பொண்ணு?… நோட்டுக் கட்டற ரப்பர் பேண்டை எப்பவும் கையில மாட்டிக்கிட்டு இருப்பாரே, அந்த ரப்பர் பேண்ட் சார் பொண்ணா! அடியம்மா… "மேடம் அத்தை, இந்த இரும்புக் கதவுக்குள்ள யாரைப் பூட்டி வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டியே, அந்த வாண்டா நீ!

…ஞாபகம் இல்லையா? அஞ்சு வயசு இருக்கும் உனக்கு. ஒரு சனிக்கிழமை உங்க அப்பா உன்னை பேங்குக்குக் கூட்டிட்டு வந்தாரு. ஸ்ட்ராங் ரூம் கதவை நானும் அவரும் ஆளுக்கொரு சாவி போட்டுத் திறக்கறதை வாயைப் பொளந்துகிட்டுப் பாத்த. "உள்ள பணம்தான் கண்ணு இருக்கு"ன்னு சொன்னேன். நீ நம்பவே இல்ல. "பணத்துக்கு எதுக்கு இவ்ளோ பெரிய கதவு? அதுக்குக் கால் இருக்கா, ஓடிப் போறதுக்கு?"ன்னு கேட்ட. மேனேஜரே சிரிச்சுட்டாரு. அந்த மனுஷன் பல்லை நாங்க அன்னிக்குத்தான் பாத்தோம்…

ஹலோ?… என்னம்மா?… அழறியா?… ஏய், என்ன ஆச்சு? அப்பாவுக்கு ஏதாவது…

…

நல்லா இருக்காரா? உசுரோட… ம். அப்பா, கடவுளே. ஒரு நிமிஷம் என் உசுரு என்கிட்ட இல்ல. சரி. சரிம்மா. நான் எங்கயும் போகல. அழுது முடிச்சுட்டு மெதுவா சொல்லு.

…

யாரைப் பூட்டி வச்சிருக்க?

…

அப்பாவையா.

…

இல்ல, நான் ஒண்ணும் நினைக்கல. நினைக்கலன்னு சொல்றேன்ல. வெளிப்பக்கம் தாழ்ப்பாளா, பூட்டா?… தாழ்ப்பாள். சரி. எவ்வளவு நேரமா?… இருபது நிமிஷம். நீ எங்க இருக்க?… கதவுக்கு வெளியவே தரையில உக்காந்திருக்கியா. உள்ள என்ன பண்றாரு, சத்தம் கேக்குதா?… கைப்பிடியை ஆட்டறாரு. ஆட்டட்டும். ஆட்டறதுக்குத் தெம்பு இருக்குன்னு சந்தோஷப்படு. நீ முதல்ல ஒழுங்கா மூச்சு விடு.

…

மெடிக்கல் கார்டு நம்பரா? அதுக்கா எனக்கு போன் பண்ணின?… ஆமா, பென்ஷன்காரங்க சங்கத்துல நான்தான் செயலாளர். வேற எவனும் ஒத்துக்கல, அதனால நான். நம்பர் நோட்டுல இருக்கும், எடுத்துத் தர்றேன். ஆனா இந்த நேரத்துல எதுக்கு?… எந்த இல்லம்?… ஓ… முதியோர்… ம்… நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வண்டி வருதா.

…

தப்புன்னு நான் சொன்னேனா? நானும் தனியா இருக்கறவதான், எனக்கும் அந்த வண்டி ஒரு நாள் வரும். மாப்பிள்ளை கப்பல்ல வேலைக்குப் போயிருக்காரு, அம்மா போயி எட்டு மாசம் ஆச்சு, நீ ஒண்டியா மூணாவது மாடியில ஒரு பெரிய ஆளை வச்சுக்கிட்டு… எனக்குப் புரியாதா? கல்லுல செஞ்ச உடம்பா உனக்கு?

…

ஆமா, செலவுல பாதியை பேங்க் கொடுத்துடும். அது ஒரு நல்லது.

…

"அது ஒண்ணுதான் நல்லது"ங்கறியா? அப்படிச் சொல்லாத… சரி, திட்டு. என்னையும் சேர்த்துத் திட்டு, நானும் அந்தச் சோத்தைத்தான் தின்னேன்.

…

ம்… ம்… பேங்க் என்ன கொடுத்துச்சுன்னா கேக்கற? ஒண்ணாம் தேதின்னா சம்பளம். புயல் அடிச்சாலும் சம்பளம். நீ படிச்ச படிப்பு அதுல வந்தது. நீங்க இருந்த வீட்டுக்கு, வெளிய கடன் வாங்கினா என்ன வட்டியோ, எங்களுக்கு அதுல பாதி. உங்க அம்மாவுக்கு ரெண்டு ஆபரேஷன், கைக்காசு பத்து பைசா போகல. வாடகைக்கு வீடு கேட்டுப் போனா, "பேங்கா? உக்காருங்க"ன்னு நாற்காலியைத் துண்டால துடைச்சுப் போடுவாங்க. எனக்குக் கல்யாணம் ஆனதே அதாலதான்மா. பொண்ணு பாக்க வந்தவங்க என் மூஞ்சியை எங்க பாத்தாங்க, வேலை ஆர்டரை வாங்கித்தான் ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க… ஆங், சிரிப்பு வந்துச்சு பாரு. மூக்கைத் துடை.

…

எடுத்துக்கிட்டதும் இருக்கு. மறைக்க மாட்டேன். எப்ப எந்த ஊருக்குத் தூக்கிப் போடுவாங்கன்னு தெரியாது. நோட்டுத் தூசியில புடிச்ச இருமல், ரிட்டயர் ஆகியும் என்னை விட்டுப் போகல. கணக்கு உதைச்சா கைக்காசு. இப்ப இருக்கற பிள்ளைங்க பாவம், பணம் போட வர்றவங்க தலையில இன்ஷூரன்ஸைக் கட்டுன்னு காலைல ஒரு விரட்டு, சாயங்காலம் ஒரு விரட்டு… அதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். சாயங்காலத்தை எடுத்துக்கிச்சும்மா. அது ஒண்ணுதான் எனக்குத் தாங்கல. ஷட்டரைப் பாதி இறக்கினா, "கொடுத்து வச்சவங்க, நாலு மணிக்கே வீட்டுக்குப் போறாங்க"ன்னு ஊரு சொல்லும். எங்களுக்கு அப்பத்தான் பொழுது விடியும். எங்க வீட்டுக்காரர் ஆறு மணிக்கு டீ போட்டு மூடி வைப்பாரு. நான் எட்டுக்குப் போவேன். சூடு பண்ண விட மாட்டாரு. "ரெண்டு பேரும் ஆறினதையே குடிப்போம், யாருக்கும் வருத்தம் இல்ல"ன்னு எனக்காக அவரும் ஆறின டீயையே குடிப்பாரு.

…

ஆமா. அவரு போயி இருபத்தேழு வருஷம் ஆகுது.

…

உனக்கும் அப்பா சாயங்காலத்துல கிடைக்கல. தெரியும்மா… ம்… அவருக்கு அந்த இரும்புக் கதவுதான் பொண்ணு, நீ இல்ல… அப்படியெல்லாம்… சரி, நான் குறுக்க பேசல. சொல்லு.

…

ம்… ம்… இப்பவும் சாயங்காலம்தானா? காலைல நல்லா இருக்காரு… பேப்பர் படிக்கறாரு… அஞ்சு அடிச்சா ஆரம்பிக்குது. எழுந்து எழுந்து இடுப்பைத் தடவிப் பாக்கறாரா?… ஆமா, உங்க அம்மா எல்லா பேன்ட்லயும் உள்பை ஒண்ணு தச்சுக் கொடுத்திருந்தாங்க, சாவிக்குன்னு. நீ இப்ப வாங்கிக் கொடுத்தது நாடா வச்ச பேன்டா?… சரி, உனக்கு எப்படித் தெரியும். யாரும் சொல்லலைல்ல.

…

சாவியைத் தேடறாருன்னு பீரோ சாவியைக் கொடுத்தியா. நல்ல புத்திதான்… கொடுத்தா அதிகமாச்சா?… ம். வாசல்லயே நிக்கறாரு, உக்கார மாட்டேங்கறாரு, தண்ணி கூடக் குடிக்க மாட்டேங்கறாரு… ம்… இன்னிக்கு என்ன ஆச்சு?

…

தள்ளிட்டாரா? உன்னையா?… முழங்கை… ரத்தம் வந்துச்சா?… கழுவினியா?… ஈ எறும்புக்குக் கூட வழி விட்டு நடக்கற மனுஷன். எதுக்குத் தள்ளினாரு?

…

என்ன டம்ளர்?

…

இரு. இரு. திரும்பச் சொல்லு. வீட்ல இருக்கற டம்ளரையெல்லாம் கவுத்து வைக்கிறாரா?… தினமுமா?… உள்ள ஏதாவது இருக்குமா?… பாட்டில் மூடி… சில்லறை… உன் தோடு… இன்னிக்கு பீரோ சாவி. அதை மேஜை மேல வச்சு, டம்ளரைக் கவுத்து, எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே… நீ கழுவறதுக்காக அந்த டம்ளரைத் தூக்கின… அப்பத்தான் தள்ளினாரு.

…

…

இருக்கேன்மா. லைன்லதான் இருக்கேன்.

…

இல்ல, ஒண்ணும் இல்ல. ஒண்ணு கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு. அந்த நேரத்துல ஏதாவது கேக்கறாரா? யாரையாவது?

…

"மேடம் வந்தாச்சா"ன்னா?

…

எத்தனை தடவை?… நூறு தடவை… அம்மா போயி எட்டு மாசத்துல எந்த மேடத்தைத் தேடறாருன்னு உனக்குக் கோவமா வந்துச்சா… அட பைத்தியமே. அட என் கண்ணு. அந்த மேடம் நான்தான்.

…

நான்தான்மா. பன்னண்டு வருஷம் அவருக்கு ஒரு சாவி, எனக்கு ஒரு சாவி. பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. அவரு எனக்கு சார், நான் அவருக்கு மேடம். அதைக் கேட்டுக் கேட்டுத்தானே நீ "மேடம் அத்தை"ன்னு வச்ச.

உனக்கு ஒரு விஷயம் சொல்லணும். இருபத்தேழு வருஷமா யார்கிட்டயும் சொல்லாதது. "இது நமக்குள்ளயே இருக்கட்டும் மேடம்"னு உங்க அப்பா சொன்னாரு. உங்க அம்மாகிட்டயும் அவரு சொல்லியிருக்க மாட்டாரு. நானும் தினம் காலைல கண்ணை மூடிக் கும்பிடறப்ப அவருக்கும் சேர்த்து வேண்டிக்குவேன், அதோட சரி. இப்ப சொல்றது வாக்குத் தவறறது ஆகுமான்னு தெரியல. ஆனா அவரே கதவுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கறப்ப நான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தா, அதை எந்தச் சாமியும் மெச்சாது.

கேளு. எங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்லயே நெஞ்சு வலி வந்து விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து போன். மூணே முக்கால் மணி. மேனேஜர் தலைமை ஆபீசுக்குப் போயிருக்காரு, சாயங்காலம்தான் வருவாரு. என் சாவியை அவர்கிட்டத்தான் ஒப்படைக்கணும். வேற யாருக்கும் கொடுக்க முடியாது. முக்கியமா, உங்க அப்பாகிட்டக் கொடுக்கவே கூடாது. ரெண்டு சாவியும் ஒரே கையில சேரக் கூடாது, அதுக்குத்தானே ரெண்டு வச்சிருக்கு. பணமெல்லாம் கவுன்ட்டர்ல திறந்து கிடக்கு. நான் சாவியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறேன்.

உங்க அப்பா வந்தாரு. "மேடம், சாவியை மேஜை மேல வச்சுட்டுக் கிளம்புங்க"ன்னாரு. "நீங்க எடுக்கக் கூடாதே சார்"னு நான் அழறேன். அந்த நேரத்துலயும் எனக்கு ரூல்தான் ஞாபகம் வருது பாரு. அவரு தண்ணி குடிக்கிற கண்ணாடி டம்ளரைக் கவுத்து சாவிக்கு மேல வச்சாரு. "நான் எடுக்கல மேடம். யாரும் எடுக்கல. அது மேஜை மேல இருக்கு. நான் பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன். நீங்க ஓடுங்க"ன்னாரு.

…

ஓடினேன்.

…

இருந்தாரும்மா. உசுரு இருந்துச்சு. என்னைப் பாத்துக் கண்ணைத் திறந்தாரு. "என்ன, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட?"ன்னு கேட்டாரு…

…

இரு… தண்ணி குடிச்சுக்கறேன்.

…

நாப்பது நிமிஷம். என்னென்னமோ பேசினோம். கேஸ் புக் எங்க இருக்குன்னு சொன்னாரு. என் இருமலுக்கு மருந்து வாங்கி வச்சிருக்கறதைச் சொன்னாரு. அப்புறம் போயிட்டாரு. ரூல்படி நான் மேனேஜர் வர்ற வரைக்கும் இருந்திருந்தா, பொணத்தைத்தான் பாத்திருப்பேன். இத்தனை வருஷம் நான் பைத்தியம் பிடிக்காம இருக்கேன்னா, அந்த நாப்பது நிமிஷத்தை வச்சுத்தான் இருக்கேன்.

பியூன் அப்புறமா சொன்னான். உங்க அப்பா அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லையாம். பாத்ரூம் கூடப் போகலையாம். டம்ளருக்கு எதிர்லயே உக்காந்து, "மேடம் வந்தாச்சா, மேனேஜர் வந்தாச்சா"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாராம். மேனேஜர் வரும்போது ஏழு. மழையில கார் மாட்டிக்கிச்சு. வந்ததும் ஒரே கத்தல். "நான்தான் சார் போகச் சொன்னேன்"னு எழுதிக் கொடுத்துட்டாரு. ஒரு வருஷ இன்கிரிமென்ட் போச்சு. நான் போய்க் கேட்டா, "எங்க வீட்ல இந்த வருஷம் விலைவாசி ஏறாதாம் மேடம், சொல்லிட்டாங்க"ன்னு…

…

என்னம்மா?… எந்த மழை?… ஆமா, நல்ல மழை. பாலத்துல தண்ணி ஏறின மழை. வெள்ளிக்கிழமை… ஏன்?

…

அந்தத் தேதி உனக்கு எப்படித் தெரியும்?

…

என்ன விழா?

…

…ம்.

…

நீ மேடையில பேசறதா இருந்துச்சா… பத்து வயசு… ம்… அம்மா, சித்தி பிரசவத்துக்குப் போயிருந்தாங்க… அப்பா நாலரைக்கு வர்றேன்னு சொல்லியிருந்தாரு…

…

ம்…

…

எல்லாரும் போயிட்டாங்களா… கேட்டுக்குப் பக்கத்துல… வாட்ச்மேன் ஸ்டூல் கொடுத்தாரா… ஏழரைக்கு ஃபைலைத் தலையில வச்சுக்கிட்டு நனைஞ்சு வந்தாரு. ஏன்ப்பான்னு கேட்டதுக்கு, "வேலை"ன்னு ஒரே வார்த்தை.

…

அன்னிலேர்ந்து அவரை நீ எதுக்கும் கூப்பிடலையா. கல்யாணப் பத்திரிகை கொடுக்கறப்ப கூட, "முடிஞ்சா வாங்க"ன்னு சொன்னியா. ஐயோ.

…

எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா… இல்ல. இரு. பொய் சொல்லக் கூடாது. காலைல சொன்னாரு. இஸ்திரி போட்ட சட்டையோட வந்தாரு. "இன்னிக்கு நாலு மணிக்கு பெர்மிஷன் மேடம்"னு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. எதுக்குன்னும் சொல்லியிருப்பாரு. உன்னைப் பத்திப் பேசாம அவரு ஒரு நாள் கூட நோட்டு எண்ணினதே இல்ல. நான் மறந்துட்டேன். மூணே முக்காலுக்கு அந்த போன் வந்தப்புறம், உலகத்துல எனக்கு மட்டும்தான் குடும்பம் இருக்கற மாதிரி ஓடிட்டேன். அப்புறமும், இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட, "சார், அன்னிக்கு உங்களுக்கு ஏதோ பெர்மிஷன் இருந்துச்சே"ன்னு நான் கேக்கல.

…

அவரு கொடுத்தாருன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நாப்பது நிமிஷம் உன்கிட்டேர்ந்து எடுத்ததா.

…

…

கோவப்படு. படணும்… ஒரு போன் பண்ணியிருக்கலாம்தான். பண்ணினாரா, லைன் கிடைக்கலையா, எனக்குத் தெரியல. தெரியாததைச் சொல்லி அவரை நல்லவராக்க மாட்டேன். அதுக்கப்புறமாவது உன்கிட்ட சொல்லியிருக்கலாம்னா, அதுவும் சரிதான். ஆனா பத்து வயசுக் குழந்தைகிட்ட சொன்னா அது நாலு பேர்கிட்ட சொல்லும், மேனேஜர் உங்க அப்பாவோட நிறுத்தின விஷயம் தலைமை ஆபீஸ் வரைக்கும் போயி என் வேலை போயிடும். தாலி போன பொம்பளைக்கு வேலையும் போயிடக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டாரு. என்னைக் காப்பாத்தறதுக்கு, உன்கிட்டக் கெட்ட பேரு வாங்கிக்கிட்டாரு. மன்னிச்சுடு கண்ணு. அவரை இல்ல, என்னை.

…

…

அழு. நானும்தான் அழறேன். ரெண்டு கிழவிங்க… சரி, நீ கிழவி இல்ல. நான் மட்டும்.

…

என்ன?… சத்தம் நின்னுடுச்சா? கதவுல காதை வச்சுக் கேளு… மூச்சு விடறது கேக்குதா… அந்தப் பக்கம் அவரும் கீழதான் உக்காந்திருப்பாரு போல.

தாழ்ப்பாளை எடும்மா.

…

தள்ள மாட்டாரு. நீ டம்ளரைத் தொட்டதாலதான் தள்ளினாரு. தான் பெத்த பொண்ணுன்னு அவருக்கு அப்பத் தெரியாது, சாவியைத் தூக்க வந்த ஆளுன்னு நினைச்சிருப்பாரு. இதைக் கேளு. நீ அவருக்கு சாவியைக் கொடுக்கறியே, அது கையில இருக்கற வரைக்கும் அவரு வீட்டுக்குப் போக முடியாது. அந்த வேலையே அப்படித்தான். அவரு தேடறது சாவியை இல்லம்மா. வாங்கிக்கிறதுக்கு ஒரு ஆளை. தினமும் அஞ்சு மணிக்கு அந்த நாற்காலியில உக்காந்து நான் வருவேன்னு பாத்துக்கிட்டு இருக்காரு. நான் வரவே இல்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா சுடுகாடு, அப்புறம் லீவு, அப்புறம் வேற ஊருக்கு மாத்தல். என் சாவியை மேனேஜர்தான் எடுத்துக்கிட்டாரு. உங்க அப்பாகிட்டேர்ந்து நான் வாங்கவே இல்ல பாரு.

…

ஆமா. போன்ல வாங்கிக்கறேன்.

…

சிரிப்பா இருந்தாலும் பரவாயில்ல. கேக்கறதுக்கு எவன் இருக்கான்? நான் சொல்றதைச் செய். பீரோ சாவி எங்க?… எடு. டம்ளர்?… அதுவும். மெதுவாத் திற. நேரா எதிர்ல நிக்காத, பக்கத்துல கீழ உக்காரு… என்ன பண்றாரு?… கீழதான் உக்காந்திருக்காரா… ம்… கை குளிர்ந்திருக்கா? பிடிச்சுக்கோ. ஒண்ணும் பேச வேண்டாம். கைல ரப்பர் பேண்ட் இருக்கா?… இன்னுமா! அட ராமா… நாலா!

சாவியை மேஜை மேல வை. டம்ளரைக் கவுத்து மேல வை. இப்ப அவரை நாற்காலியில உக்கார வை. "மேடம் லைன்ல இருக்காங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு, போனைக் கொடு. கொடுத்துட்டு நீ வெளிய போ… இல்லம்மா, நீ இருந்தா எனக்குப் பேச வராது. இது எங்க ரெண்டு பேர் விஷயம். போய் முழங்கையை இன்னொரு தடவை கழுவு. கதவை… பூட்ட வேண்டாம். சாத்தினாப் போதும்.

நாளைக்கு வண்டி வர்றதைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அனுப்பு, அனுப்பாம இரு, அது உன் உடம்பும் மனசும் சொல்றபடி. அவரு அங்க போனாலும் ஆறரைக்கு ஒரு போனை அவரு காதுல வைக்கச் சொல்லு. இங்க இருந்தாலும் நீ வை. தினமும் நான் எடுப்பேன். நான் இருக்கற வரைக்கும் எடுப்பேன். சரியா?… கார்டு நம்பரும் தர்றேன், மறக்கல. இப்ப கொடு.

…

…

ஹலோ.

…

ஹலோ சார். நான்தான்.

…

வந்துட்டேன் சார். மன்னிச்சுக்கணும். ரொம்ப நேரம் ஆக்கிட்டேன்.

…

…ஆமா சார், ஆஸ்பத்திரிக்குத்தான். அவரு…

…

பாத்தேன் சார். கண்ணைத் திறந்து பாத்தாரு. பேசினோம். நாப்பது நிமிஷம் பேசினோம் சார்… இப்ப வலி ஒண்ணும் இல்ல அவருக்கு. தூங்கறாரு.

…

நீங்க போகச் சொன்னதாலதான் சார்.

…

தெரியும் சார். நீங்க எடுக்கல. யாரும் எடுக்கல. அது மேஜை மேலதான் இருக்கு… தெரியும்… ஆமா, டம்ளரைத் தூக்குங்க சார். நானே வந்து எடுத்துக்கறேன்.

…

தூக்கிட்டீங்களா?… சாவி இருக்கா?… சரி. அதை அப்படியே என் பக்கம் தள்ளுங்க. ம்… இன்னும் கொஞ்சம். ஆங். வந்துடுச்சு. எடுத்துட்டேன்.

…

ரெஜிஸ்டரா?… இதோ, எழுதறேன் சார், நீங்க சொல்லுங்க… "ஸ்ட்ராங் ரூம் இரண்டாம் சாவி… ஒன்று… நல்ல நிலையில்… பெற்றுக்கொண்டேன்." நேரம்?… என் கடிகாரத்துல ஆறு ஐம்பத்தஞ்சு… சரி, ஐம்பத்தேழுன்னே போடறேன், உங்க கடிகாரம்தான் எப்பவும் சரி… கையெழுத்து போட்டாச்சு சார். படிச்சுக் காட்டினேனே… ஆமா. முழுக் கையெழுத்துதான். சுருக்கு இல்ல.

…

கேஷ் டேலி சார். ஒரு பைசா உதைக்கல.

…

நீங்க கிளம்புங்க சார். உங்களுக்கு இன்னிக்கு பெர்மிஷன் இல்ல? நாலு மணிக்கே கேட்டிருந்தீங்களே. பொண்ணு காத்துக்கிட்டு இருக்கா.

…

முடியல சார். விழா இன்னும் முடியல. உங்களுக்காகத்தான் நிக்கறா… மழையா? விட்டுடுச்சு சார். ஃபைலெல்லாம் வேண்டாம். தூரம் இல்ல, அந்தக் கதவுக்கு வெளியதான் நிக்கறா. கைல லேசா அடி பட்டிருக்கு, என்னன்னு கேளுங்க. ஏன்ப்பா லேட்டுன்னு கேட்டா, "வேலை"ன்னு மட்டும் சொல்லாதீங்க சார்… ஆங். அவளுக்கு என்ன சொல்லணுமோ சொல்லுங்க. இல்லன்னா ஒண்ணும் சொல்லாம பக்கத்துல உக்காருங்க.

…

பூட்டு இல்ல சார். தள்ளினாத் திறக்கும்.

…

இல்ல, நான் இருக்கேன். ரெண்டு சாவியும் ஒரே கைல இருக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். உங்க சாவியையும் மேஜை மேலயே வச்சுட்டுப் போங்க. நான் எடுக்கல. டம்ளரைக் கவுத்து மேல வச்சுட்டு, பாத்துக்கிட்டு மட்டும் இருக்கேன்.

…

சரி சார்… சரி சார்… நாளைக்கு ஆறரைக்கு வர்றேன்.

…

சார்?

…

போனை மேஜை மேல வச்சுட்டாரு போல… நடக்கறாரு… கதவு…

…

இதுக்கு மேல நான் கேக்கக் கூடாது. வச்சுடறேன் சார். நீங்க போங்க, நான் பூட்டிக்கறேன்.